முப்பத்தோராம் கல்

எல்சா அம்மையார் சக்கர நாற்காலியில் இருந்தபடி ஒரு கடதாசித் துண்டை என்னிடம் நீட்டினார். தொண்ணூறைத் தாண்டிய கை. ஆனால் நடுக்கமில்லை. கடதாசியில் ஓர் எண் மட்டும் எழுதியிருந்தது. முப்பத்தொன்று.

"இது எந்த இடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எங்களுக்கு முன்னால் கம்பி வேலி, அதற்குள்ளே ஒரு பழைய தேவாலயம், அதன் வாசலில் மேல்மண் சுரண்டப்பட்ட களிமண் தரை. அப்பால் கூரை போட்டும் போடாமலும் புது வீடுகள். மெல்பேர்னுக்கு மேற்கே உள்ள வெரிபீயின் காற்று அன்றைக்குத் தெற்கிலிருந்து அடித்தது. கழிவுநீர்ப் பண்ணையின் வாடையும் ஈரச் சீமெந்தின் வாடையும் சேர்ந்து வந்தன.

என் ஒரு கையில் அளவு நாடா, மறுகையில் சுருட்டிய வரைபடம். வரைந்தவன் நான். அந்த வரைபடத்தில் முப்பத்தொன்று இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

இந்தத் தொடரில் இதுவரை என் அசட்டுத்தனங்களைப் பகிடியாக எழுதிவந்தேன். நீங்களும் சிரித்துக் கடிதம் போட்டீர்கள். இந்தக் கிழமை எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று என் மனைவி வசந்தி சொன்னாள். பிறகு எழுதத்தான் வேண்டும் என்றாள். இரண்டையும் ஒரே நாளில் சொன்னாள்.

இரண்டு கதவுகள்

புதிதாக வாசிப்பவர்களுக்காக என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடங்களை அளந்து வரைவது என் வேலை. இடிப்பதற்கோ திருத்துவதற்கோ முன்னர் யாராவது ஒருவர் போய், சுவர் சுவராக அளந்து கடதாசியில் ஏற்ற வேண்டும். யாழ்ப்பாணத்தில் கோயில் திருப்பணிகளில் தொடங்கிய வேலை, மெல்பேர்னில் முடியப்போகிறது.

வெரிபீக்கு அப்பால் கோதுமை விளைந்த நிலத்தை ஒரு நிறுவனம் வாங்கி வீட்டுமனைகளாகப் பிரித்துக்கொண்டிருந்தது. நிலத்தின் நடுவில் இந்தத் தேவாலயம். அதை இடிக்க முடியாது, சட்டம் விடாது. முதலில் அளந்து பதிவு செய் என்று எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். நான்கு நாள் வேலை.

மொரேவியர் கட்டியது என்று கோப்பில் இருந்தது. அது யார் என்று எனக்கும் அன்றைக்குத் தெரியாது. தேடிப் படித்தேன். இன்றைய செக் நாட்டுப் பக்கத்தில் மதத்தின் பேரால் துரத்தப்பட்டு, ஜெர்மனியில் ஒரு பிரபுவின் நிலத்தில் ஒதுங்கிய கிறிஸ்தவர்கள். ஒதுங்க ஓர் இடம் கிடைத்ததும் உலகமெங்கும் போதகர்களை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் தரங்கம்பாடிக்கும் போயிருக்கிறார்கள். அங்கே தோட்டம் போட்டார்கள், காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள், மிஞ்சியவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

விக்டோரியாவுக்கும் வந்தார்கள். நிலத்தைப் பறிகொடுத்து நின்ற பூர்வகுடி மக்களை ஒரு வேலிக்குள் சேர்த்து, ஜெபமும் பாட்டும் படிப்பித்தார்கள். நல்ல மனத்தோடு செய்தவர்களும் இருந்திருப்பார்கள். துரத்தப்பட்டு வந்தவன் இன்னொருவனின் நிலத்தில் போய் நிற்பது எனக்குப் புதிய செய்தியல்ல. நானும் அப்படி நிற்பவன்தான்.

இந்தக் கட்டடம் போதக நிலையம் அல்ல. குடியேறிய ஏழெட்டுக் குடும்பங்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. கருநீலக் கல்லில் ஒன்றரை அடித் தடிப்பில் சுவர், சுண்ணாம்புச் சாந்து. கோபுரம் இல்லை. கூரையின் இரண்டு முனைகளும் தொப்பியை மடித்துவிட்டாற்போல் பாதியில் சரிந்திருக்கும். உள்ளே வெள்ளையடித்த சுவர், வண்ணமில்லாத கண்ணாடி. பீடமும் கிடையாது, ஒரு மேசைதான். அந்த மேசையும் மற்றத் தேவாலயங்களைப் போலக் கோடியில் இல்லாமல், நீளச் சுவரின் நடுவில் இருந்தது. உட்காரும் வாங்குகள் அதைப் பார்த்து அகலவாட்டில் கிடந்தன.

எதிரே இருந்த மற்ற நீளச் சுவரில் இரண்டு கதவுகள், ஒரே அளவு. இரண்டாவது கதவு எதற்கு என்று என்னோடு வந்த வெள்ளைக்காரப் பெடியன் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டான். நெருப்புப் பிடித்தால் ஓடுவதற்காக இருக்கும் என்றான். நான் சிரித்தேன். ஒன்று ஆண்களுக்கு, மற்றது பெண்களுக்கு. எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்திலும் கலியாணப் பந்தியிலும் வளர்ந்தவனுக்கு அதைச் சொல்லித்தரவும் வேண்டுமா?

பிறகு புத்தகத்தில் பார்த்தேன். நான் சொன்னதுதான் சரி. அந்தச் சரி என்னைக் கெடுத்தது.

எண் போட்ட கற்கள்

வாசலில் இடுப்பளவு புல். நடந்தபோது காலில் கல் தட்டுப்பட்டது. புல்லை அரிந்து பார்த்தேன். இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த சதுரக் கற்கள், மண்ணோடு மண்ணாக, வரிசை வரிசையாகப் பதித்திருந்தன. ஒவ்வொரு கதவுக்கும் நேரே ஒரு தொகுதி, நடுவில் பாதை. பெண்கள் பக்கத்து ஓரத்தில் மட்டும் பாதி அளவில் சின்னக் கற்கள்.

கல்லில் சிலுவை இல்லை, பெயர் இல்லை. உளியால் வெட்டிய ஓர் எண் மட்டும்.

கோயில் திருப்பணியில் கருங்கல் மண்டபத்தைக் கழற்றும்போது கல்லுக்குக் கல் எண் போடுவோம். திரும்பப் பூட்டும்போது மாறிப்போகக் கூடாது என்பதற்காக. பத்து வருடம் அந்த வேலை செய்தவனுக்கு எண் போட்ட கல்லைக் கண்டதும் வேறு என்ன தோன்றும்? எங்கிருந்தோ கழற்றிக் கொண்டுவந்து பதித்த தரை என்று முடிவுகட்டினேன். சின்னக் கற்கள் ஓரக் கட்டு. ஆண்கள் கதவுக்கு ஒரு முற்றம், பெண்கள் கதவுக்கு ஒரு முற்றம். அறிக்கையில் இதை இரண்டு பந்தி எழுதினேன். நல்ல கண் உங்களுக்கு என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

இறந்தவரை எரிக்கிறவர்கள் நாங்கள். வேதக்காரரின் சேமக்காலையை, அவர்கள் புதைக்கும் இடத்தை, ஊரில் கண்டிருக்கிறேன். சீமெந்துக் கட்டு, சிலுவை, பெயர், சில வேளை படம். கல்லறை என்றால் எழும்பி நிற்கும் என்றுதான் எனக்குத் தெரியும். அதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. தெரியாதவன் கேட்டிருக்க வேண்டும். நான் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டதால் கேட்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. மழை வரப் பார்த்தது. பின்னேரம் கிளேட்டனில் ஒரு பிறந்தநாள் விழா, நகரத்தைக் கடந்துபோக இரண்டு மணித்தியாலம் எடுக்கும். ஐந்து கற்களை மட்டும் துப்புரவாக்கி எண்ணோடு வரைந்தேன். மிச்சத்துக்குக் கணினியில் ஒரு சதுரத்தை வரைந்து, அதையே நகலெடுத்து நிரப்பினேன். தரைக்கல்தானே. மேலே ஓர் அம்புக்குறி போட்டு, "எண்ணிட்ட தரைக்கல்" என்று எழுதினேன்.

பிறந்தநாள் விழாவுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். வறுத்த கணவாய் நன்றாக இருந்தது.

செந்திலின் அழைப்பு

செந்தில் சீர்காழிப் பக்கத்துப் பிள்ளை. அந்த வீட்டுத் திட்டத்தின் தள மேற்பார்வையாளர். நான் அளக்கப் போன நாட்களில் தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தந்தவர். சில மாதம் கழித்து ஒரு காலை தொலைபேசி எடுத்தார்.

"சார், அந்தக் கல்லையெல்லாம் எடுத்து அடுக்கிட்டோம். டிராயிங்ல தரைக்கல்னு போட்டிருந்தீங்கல்ல, அதனால மிஷின் வச்சே எடுத்தாச்சு. இப்ப ஒரு வயசான அம்மா வந்திருக்காங்க சார். அது தரைக்கல் இல்லங்கிறாங்க."

வேறு என்னவாம் என்று கேட்டேன்.

"சமாதி சார்."

நான் போய்ச் சேர்ந்தபோது எல்சா அம்மையார் அந்தக் காற்றில் போர்வையோடு இருந்தார். அருகில் முதியோர் இல்லத்துத் தாதி. அந்தத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான். அவர் சிறுமியாக இருக்கும்போதே சபை கலைந்து, கட்டடம் ஒரு பண்ணைக்காரரின் வைக்கோல் கொட்டிலாகப் போய்விட்டது. அவர் குயின்ஸ்லாந்தில் வாழ்ந்து, கணவர் இறந்த பின் வெரிபீ முதியோர் இல்லத்துக்கு வந்திருந்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் தேவாலயத்தின் படத்தையும் அதன் வாசலில் மண்வாரி நிற்பதையும் கண்டு புறப்பட்டு வந்திருக்கிறார்.

அவர் சொல்லித்தான் எல்லாம் எனக்குத் தெரிந்தது. மொரேவியர் குடும்பம் குடும்பமாகப் புதைப்பதில்லை. உள்ளே எப்படி இருந்தார்களோ அப்படியே வெளியேயும். ஆண்கள் ஆண்கள் பக்கம், பெண்கள் பெண்கள் பக்கம், பிள்ளைகள் தனியே. பணக்காரனும் கூலிக்காரனும் ஒன்று என்பதற்காக எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல், நிலத்தோடு படுத்த கல். மற்ற இடங்களில் கல்லில் பெயர் வெட்டுவார்களாம். இந்தச் சிறு சபை இன்னும் ஒரு படி போய், கல்லில் எண்ணை மட்டும் வெட்டிப் பெயரைப் பதிவேட்டில் எழுதியது. பதிவேடு கடைசிப் போதகரோடு கடல் கடந்து போனது. எங்கே என்று யாருக்கும் தெரியாது.

முப்பத்தொன்று அவருடைய அண்ணன். யோகான். ஒன்பது நாள் உயிரோடு இருந்த குழந்தை. எண்ணை மறந்துவிடக் கூடாது என்று தாயார் வேதப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிவைத்திருந்தார்.

யார் இதை வரைந்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். திட்டுவார் என்று நின்றேன். அவருடைய முகம் தெளிந்தது.

"நல்லது. அப்படியானால் எது எங்கே இருந்தது என்று உங்களிடம் இருக்கும்" என்றார்.

அடுக்கிய கற்கள்

வேலையை நிறுத்தினார்கள். அகழ்வாராய்ச்சிக்காரர் வந்து மேல்மண்ணைச் சுரண்டினார்கள். குழி வெட்டிய இடமெல்லாம் மண் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது. பிள்ளைகள் பகுதியில் பதினான்கு சிறிய கறுப்புகள். அவ்வளவுதான். பச்சைப் பிள்ளைகளின் எலும்பு அந்தக் களிமண்ணில் மிஞ்சியிருக்கவில்லை.

பதினான்கு சின்னக் கற்களும் பலகைத் தட்டில் அடுக்கியிருந்தன. ஒரு மூலை உடைந்து முப்பத்தொன்றும் அதில் கிடந்தது. கல் இருக்கிறது, குழி இருக்கிறது. எந்தக் கல் எந்தக் குழிக்கு என்பதை நான் அழித்துவிட்டேன். பெரியவர்களின் பகுதியில் எண்கள் இறந்த வரிசையில் போனதால் ஓரளவு ஊகிக்கலாம் என்றார்கள். பிள்ளைகளை இடமிருந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். நான் எண்ணோடு வரைந்த ஐந்து கற்களும் பெரியவர்களுடையவை.

என் படங்களை இரண்டு நாள் ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தேன். புல்தான் தெரிந்தது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள் என்றாள் வசந்தி. அலுவலகத்தில் ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்றார் தமிழர் ஒருவர். சறுக்கியது யானைதான், மிதிபட்டது வேறு யாரோ.

செந்தில் வேறு விதமாக நொந்துபோயிருந்தார்.

"எங்க ஊர்ல நாங்க புதைக்கிறவங்கதான் சார். எனக்காவது தோணியிருக்கணும்" என்றார்.

அம்மாவிடம் வந்த ஆள்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் அண்ணா போரின் கடைசி நாட்களில் காணாமற்போனவர். எங்கே, எப்படி, ஒன்றும் தெரியாது. முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு அம்மா யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான் கேட்டார். என்ர பிள்ளையைக் கண்டனீங்களோ?

ஒருநாள் ஓர் ஆள் வந்தான். தானே தன் கையால் அண்ணாவைப் புதைத்ததாகச் சொன்னான். களப்புக் கரையில், ஒரு பாலை மரத்தடியில், போட்டிருந்த சேட்டால் முகத்தை மூடி. அம்மா அழுது முடித்து அவனுக்குச் சோறு போட்டார். அன்று முதல் எல்லோரிடமும் கேட்பதை நிறுத்தினார்.

நான் ஊருக்குப் போனபோது அவனைத் தேடிப் பிடித்தேன். அண்ணாவுக்குச் சின்ன வயதிலேயே இடது கைச் சுண்டுவிரல் போய்விட்டது. கையில் ஏதாவது வித்தியாசம் கண்டாயா என்று கேட்டேன். இல்லை, வடிவான கை என்றான். அவன் சேட்டைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். அவன் திமிறவில்லை.

"உங்கட அம்மா கேட்டவா தம்பி. அவா கேக்கேக்க தெரியாதெண்டு சொல்ல என்னால ஏலாமப் போச்சு."

தள்ளிவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் சாகும்வரை அந்தப் பாலை மரத்தின் திசை பார்த்து விளக்கு வைத்தார். கொன்றவனைக்கூட மன்னிக்கலாம், இவனை மன்னிக்க முடியாது என்று வசந்தியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன்.

பதினொன்று நாற்பது

இப்போது, மண் சுரண்டி முடிந்து எல்சா அம்மையார் மறுபடி வந்த நாளுக்கு, அந்த வேலியடிக்கு வருகிறேன். முப்பத்தொன்று எங்கே என்று அவர் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்ற ஒரு சொல் போதும். ஆங்கிலத்தில் அது இன்னும் சுலபம். வாயைத் திறந்தேன்.

வேலிக்குள் போய், நாடாவின் கொக்கியைப் பெண்கள் கதவின் மூலையில் மாட்டினேன். வரைபடத்தை விரித்து, எண்ணைத் தேடுகிறவன்போல விரலை ஓட்டினேன். பதினொரு மீட்டர் நாற்பது நேரே நடந்தேன். வலப்பக்கம் இரண்டு மீட்டர் அறுபது. காலடியில் பதினான்கு கறுப்புகளில் ஒன்று. அங்கே ஒரு முளையை அடித்து, அதில் 31 என்று எழுதினேன்.

ஏன் அந்தக் குழி என்று கேட்பீர்கள். மற்றவை சேற்றுக்குள் இருந்தன. இதற்குத்தான் சக்கர நாற்காலி போகும்.

"நிச்சயமா?" என்று கேட்டார்.

"நிச்சயம்" என்றேன்.

தாதி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எல்சா அம்மையார் குனிந்து முளையைத் தொட்டுவிட்டு, ஜெர்மன் பாஷையில் ஏதோ சொன்னார். குழந்தையோடு பேசுகிற குரல். பிறகு கடதாசியைத் திருப்பி என்னிடம் தந்து, அளவுகளை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். பழக்கதோஷத்தில் கீழே கையெழுத்தும் போட்டேன்.

செந்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் போன பிறகு மெதுவாகக் கேட்டார்.

"டிராயிங்ல அது இல்லையே சார்?"

"ஓம். இல்லை."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த முளையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் சொன்னேன். குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"அப்ப அந்த மனிசனுக்கும் உங்களுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"அவன் அளக்கேல்லை" என்றேன்.

பன்னும் கோப்பியும்

அடுத்த குளிர்காலத்தில் எல்சா அம்மையார் காலமானார். கூரை திருத்தி, வெள்ளையடித்து, அந்தத் தேவாலயத்தைத் திறந்திருந்தார்கள். இறுதிச் சடங்கை அங்கேயே வைத்தார்கள். வசந்தியும் நானும் செந்திலும் போனோம். கால் தானாகவே ஆண்கள் கதவால் நுழைந்தது.

மொரேவியருக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவதற்கு முன் தன் வாழ்க்கையைத் தானே எழுதிவைக்க வேண்டும். அடக்கத்தின்போது அதைச் சபைக்கு வாசிப்பார்கள். வாசித்ததை எறிவதில்லை, ஆவணக் காப்பகத்தில் சேர்த்துவிடுவார்கள். எல்சா அம்மையாரும் எழுதிவைத்திருந்தார். மகள் முறையான அவருடைய பெறாமகள் எழுந்து நின்று வாசித்தார். வைக்கோல் மணம், வறட்சி, கரும்புத் தோட்டம், கணவரின் குடி, பிள்ளையில்லாத குறை. எதையும் ஒளிக்காத எழுத்து.

கடைசிப் பந்தியில் என் பெயர் வந்தது. பிழையில்லாமல் உச்சரித்தார். பெயரை விட்டுவிட்டு மிச்சத்தைத் தருகிறேன்.

"என் அண்ணன் கிடக்கும் இடத்தை வாழ்நாளெல்லாம் அறியாதிருந்தேன். ஒரு போரிலிருந்து வந்த மனிதர் அதை எனக்கு அளந்து தந்தார். பெண்கள் கதவிலிருந்து பதினொரு மீட்டர் நாற்பது, வலப்பக்கம் இரண்டு மீட்டர் அறுபது. நிச்சயமா என்று கேட்டேன். நிச்சயம் என்றார். என் சாம்பலை அவன் பக்கத்தில் வையுங்கள்."

வாங்குகளில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு முதியவர் கையை நீட்டி என் தோளைத் தொட்டார். வசந்தி பெண்கள் பக்கத்திலிருந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அந்த முளை இருந்த இடத்தில் மூலை உடைந்த கல்லைப் பதித்திருந்தார்கள். பக்கத்தில் புதுக்குழி, ஒரு சிறிய சதுரம்.

பாட்டு முடிந்ததும் இனிப்புப் பன்னும் கோப்பியும் வாங்கு வாங்காகக் கொண்டுவந்தார்கள். அதுவும் அவர்களின் வழக்கம். பெறாமகள் தட்டோடு நேரே என்னிடம் வந்து, முதலில் நீங்கள் எடுங்கள் என்றார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பன்னை எடுத்துத் தின்றேன்.

என்னைப் பிடித்துச் சுவரோடு சாத்த அங்கே ஒருவரும் இல்லை.

அந்தக் காப்பகத்தில் அவருடைய எழுத்து இருக்கும்வரை என் அளவும் இருக்கும். அதனால் என் வாழ்க்கைக் குறிப்பில் இதை நான் எழுதிவைக்கிறேன். பெண்கள் கதவிலிருந்து பதினொன்று நாற்பது, வலப்பக்கம் இரண்டு அறுபது. அங்கே கிடப்பது யாருடைய பிள்ளை என்று எனக்குத் தெரியாது.

இதைத் தமிழில் எழுதுகிறேன். அன்றைக்கு அந்தத் தேவாலயத்தில் இருந்தவர்களில் எங்கள் மூவரைத் தவிர வேறு எவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.